ஆமென் வரும்வரை

தண்ணீர் முழங்காலில். அடுத்த மூச்சில் இடுப்பில். கறுப்புத் தண்ணீர்.

"பின்பக்கம் ஓடுங்க! பின்பக்கம்!"

கத்துவது நான். ஜெபக்கூடத்தின் பின்கதவில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம். உள்ளே என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர். ஆர்மோனியம் மிதக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறேன்.

2004 டிசம்பர் 26. ஞாயிறு. தேவனாம்பட்டினம். மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. நான் அந்தச் சபையின் போதகர். ஆண்டவர் அழைத்தார் என்று பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வந்தவன். முப்பத்தொன்பது வருஷம் அந்த நம்பிக்கை ஆடியதில்லை.

தண்ணீருக்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

மேரி சபைக்கு வருவாள். வாசலை ஒட்டிய கடைசிப் பாயில் உட்காருவாள். அவள் கணவன் கலியன் வரமாட்டான். மீன் பிடிக்கிறவன். ஞாயிறுதோறும் ஜெபத்தின் நடுவே வாசலில் நின்று கத்துவான்.

"ஏய் மேரி! எழுந்து வாடி! சோறு ஒன் பாஸ்டரா ஆக்கிப் போடுவாரு?"

படியைத் தாண்டமாட்டான். அது அவன் வைராக்கியம். நானும் சபையைப் பழக்கியிருந்தேன். யார் கத்தினாலும் கண் திறக்கக் கூடாது. ஆமென் வரும்வரை.

அன்றும் கத்தினான்.

"கடல் வருது! எழுந்து ஓடியாங்க!"

பண்டிகைக்கு மறுநாள். குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். "கண்ணத் திறக்காதீங்க" என்றேன். மறுபடி கத்தினான். குரலை உயர்த்தி ஜெபித்தேன். படியைத் தாண்டினான். மேரியின் கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள். நான் இன்னும் ஆமென் சொல்லவில்லை. மூன்றாவது கத்தலுக்குப் பின்னால் வேறொரு சத்தம். பத்து லாரி ஜல்லியை ஒன்றாகக் கொட்டுவதுபோல. அப்போதுதான் கண் திறந்தேன். வாசல் முழுக்கத் தண்ணீர்.

பன்னிரண்டாம் நாள். சிதம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். இனி ஊழியம் வேண்டாம். அழைத்தது ஆண்டவரா? என் காதுதானா? கடலூர் பஸ் ஸ்டாண்டில் கலியன் வந்து நின்றான். கையில் கட்டு.

"எங்க கெளம்பிட்ட?"

"என்னால முடியல கலியா."

"முடியலயா? நீ பாட்டுக்குப் பூட்டா நான் யாரப் போயி திட்டறது? ஞாயித்துக்கிழம வந்து நில்லு. நானும் வந்து ஒக்காந்துக்கறேன். சாமி கும்புட இல்ல. ஒன் மூஞ்சியப் பாத்துக்கினு ஒக்காரணும் எனக்கு."

சிதம்பரம் பஸ் போனது. நான் ஏறவில்லை.

பதினேழு வருஷம் வந்தான். மேரி இருந்த இடத்தில் உட்கார்ந்தான். ஒருநாளும் கண் மூடவில்லை. நானும் மூடுவதில்லை. பிறகு அவனும் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான்.

எனக்கு எழுபத்தொன்பது. இப்போது மகளோடு இருக்கிறேன். ஞாயிறு காலை ஐந்தேமுக்காலுக்குக் கடலூர் பஸ். "இன்னும் யாருக்குப்பா பயந்துக்கினு போறீங்க?" என்கிறாள். பையை எடுக்கிறேன்.

அன்று சபையில் இறந்தவர்கள் மூவர். ஞானமணி, அறுபத்திரண்டு. எஸ்தர், ஐம்பது. மேரி, முப்பத்து நான்கு. போன பொருட்கள்: ஆர்மோனியம் ஒன்று. வேதாகமம் பதினான்கு. வாசலில் விட்ட செருப்பு முப்பது ஜோடி. மேரி செருப்புப் போடுவதில்லை.

என் அழைப்பைப் பற்றி எனக்கிருந்த நிச்சயம். அதையும் எழுதவேண்டும். அது திரும்பக் கிடைக்கவில்லை. அது இல்லாமல்தான் இத்தனை ஞாயிறும் போயிருக்கிறேன்.