யதிராஜன் பெயரில் ஒரு தடை

சங்கத் தலைவர் திரு. ரெங்கராஜ் அவர்களே, நிர்வாகிகளே, யதிராஜன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மேடைக்கு வர மனமில்லாமல் பின்வரிசையில் நிற்கும் என் சக வீடியோக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்கரை லூர்துராணி. ஸ்டூடியோ அற்புதசாமியின் மனைவி என்றால் பழையவர்களுக்குத் தெரியும். இந்த வீடியோக்காரர்கள் சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை. இருந்தும் பேச அழைத்தீர்கள், நன்றி. ஏன் அழைத்தோம் என்று சற்று நேரத்தில் உங்களுக்கே தோன்றலாம்.

பின்னால் இருக்கும் பேனரில் ‘ஒளிச்சிற்பி யதிராஜன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பட்டத்தை எப்போது கொடுத்தீர்கள்? உயிரோடு இருந்தவரை இந்த மண்டபத்தில் அவருக்கு இருந்த பெயர் ஒத்தக்கை. லைட் பிடிக்க ஆள் இல்லை, வயர் இழுக்க ஆள் இல்லை, ஒருவராகவே போய்க் கல்யாணத்தை வீடியோ எடுத்துவிட்டு வருவார் என்பதால் ஒத்தக்கை. அவரிடம் கற்றுக்கொண்ட நாங்கள் ஒத்தக்கைக் கூட்டம். பேனருக்கு மட்டும் ஒளிச்சிற்பியா?

என் கணவர் எண்பத்து நான்காம் வருடம் இறந்தார். போட்டோ தொழிலும் படுத்துவிட்டிருந்தது. எல்லோரும் வீடியோ கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கேமராவும் ஆட்களுமாக முதல் போட என்னிடம் வழியில்லை. அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து யதிராஜன் வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். “அக்கா, ஆளே வேண்டாம். பொண்ணு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள எந்த லைட் பாயை விடுவாங்க? நீங்க ஒருத்தரே கேமராவோட போகலாம். அது எனக்குக்கூட முடியாது” என்றார். என் தோளில் கேமராவை வைத்தவர் அவர்தான்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? கேமராவைத் திறக்காதே, முதல் பந்தியில் போய் உட்கார் என்பதுதான். நாமெல்லாம் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள். அவரோ, யார் யாருக்கு விழுந்து விழுந்து பரிமாறுகிறார்கள், எந்தச் சித்தப்பா யாரோடு பேசாமல் இருக்கிறார், எந்த அத்தை இலை முன்னால் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று முதலில் பார்க்கச் சொன்னார். “ஆள் படையோட போனா எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைச்சு நிப்பாங்க. ஒருத்தரா போனா நம்மளை மறந்துடுவாங்க” என்பார். எங்கள் மாதாகோவில் கல்யாணங்களில் பிரியாணிப் பந்தி நடுவே, ஒரு வாழைப்பழத்தை மட்டும் இலையில் வைத்துக்கொண்டு அந்த ஐயங்கார்ப் பிள்ளை உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

எடமலைப்பட்டி புதூர் இன்னாசிராஜ் அண்ணன் இங்கே இருக்கிறார். யதிராஜனிடம் கற்றுக்கொண்டு அவர் முதன்முதலாக எடுத்த கல்யாணத்தில் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திவிட்டார். ஓடுகிறது என்று நினைத்தபோது நின்றது, நின்றது என்று நினைத்தபோது ஓடியது. கேசட் முழுக்கத் தரையும் செருப்பும் பந்தல்காலும்தான். தாலி கட்டியது இல்லை. சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். யதிராஜன் சிரிக்கவில்லை. இன்னாசிராஜைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்கே போனார். வாசலில் வைத்து, “நீங்களே சொல்லுங்கண்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றார். வசவு முழுவதையும் இரண்டு பேரும் நின்று வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் அந்த வீட்டு வளைகாப்புக்கு இன்னாசிராஜைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் மண்ணச்சநல்லூர் மண்டபத்தில், தண்ணீர் கொட்டிக் கிடந்த தரையில், லைட் ஸ்டாண்டைத் தொட்டதும் ஷாக்கடித்து விழுந்தார். சற்று முன் தலைவர் பேசும்போது சொன்னார்: “கூட ஒரு ஆள் இருந்திருந்தா மெயினை அணைச்சிருப்பான்.” உண்மைதான். அணைத்திருப்பான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயர் ஏன் நடுவில் ஒட்டுப்போட்ட வயராக இருந்தது? அதையும் சொல்லியிருக்க வேண்டாமா?

நான் சொல்கிறேன். தனியாக எடுப்பவர்களுக்கு லைட்டோ வயரோ வாடகைக்குக் கொடுக்கும் கடை சங்கத்திலிருந்து நீக்கப்படும் என்று போன வருடம் இதே மேடையில் முடிவு செய்தீர்கள். பரக்கத் அலி பாய் கடைக்கு அன்று காலையிலும் யதிராஜன் போயிருக்கிறார். பாய் என்னிடம் சொன்னதை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். “புது வயர் சுருட்டி மூலையில கெடந்துச்சும்மா. எடுத்துக் குடுக்க எனக்குத் தைரியம் வரலை. அவரும் கோவிச்சுக்கலை, பரவாயில்ல பாய்னு சொல்லிட்டுப் போனாரு.” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கோபித்துக்கொள்கிறேன்.

அவர் மனைவி வேதவதி இங்கே வரவில்லை. “அவா புகழ்றதைக் கேக்க என்னால முடியாதுக்கா. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்கோ” என்றாள். சொல்லிவிட்டேன்.

ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மௌன அஞ்சலி முடிந்ததும் ‘யதிராஜன் நினைவுத் தீர்மானம்’ என்று ஒன்றைப் படிக்கப் போகிறீர்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இனி யாரும் தனியாகக் கல்யாணம் எடுக்கக் கூடாது, அப்படி எடுப்பவர்களை எந்த மண்டபத்திலும் விடக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் பிழைப்பை நிறுத்த அவர் சாவா கிடைத்தது உங்களுக்கு? நாங்கள் நடுத்தெருவில் நிற்பதற்கு அவர் பெயரையா போடுவீர்கள்?

அஞ்சலிக்கு எழுந்து நிற்பேன். தீர்மானத்துக்கு நிற்க மாட்டேன். வரும் முகூர்த்தத்துக்குப் பரக்கத் அலி பாய் கடையின் புது வயரோடு தனியாகவே போகப் போகிறேன். பாய் கொடுத்துவிட்டார், நீக்குவதென்றால் நீக்குங்கள். யதிராஜனிடம் கற்க நினைத்து வழியில்லாமல் நிற்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லித் தருகிறேன், இன்னாசிராஜ் அண்ணனும் தருவார். இது அவருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

தலைவர் அவர்களே, தடை போட உங்களுக்கு அதிகாரம் இருக்கலாம். போடுங்கள். ஆனால் அந்தத் தாளில் யதிராஜன் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எல்லோரையும் கை தூக்கச் சொல்லுங்கள்.