ஜெர்மனிக்குப் போன கடுதாசி

— நோட்டெல்லாம் வாங்கிப் பாத்தாச்சு, குருவம்மா. நாப்பத்தோரு பிள்ளைக நோட்டு. கையெழுத்து ஒண்ணுகூட ஒத்துப்போகல.

— எதோட?

— அந்தக் கடுதாசியோடதான். நம்மகிட்டத் துண்டு வாங்குற ஜெர்மனிக்காரனுக்கு இந்த ஊர்ல இருந்து எவனோ இங்கிலீஷ்ல எழுதிப் போட்டானே, அது. மதுரை ஏஜென்டு அதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துவிட்டாருல்ல, பையில வச்சுக்கிட்டுக் காலையிலயே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன்.

— சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. சோறு ஆறுது.

— எங்க எறங்குது? ஆர்டரு நின்னு ஒம்போது நாளாச்சு. தறியெல்லாம் சும்மா கெடக்கு, சாயப்பட்டறையில அடுப்பு மூட்டல. இது கஸ்தூரி டீச்சரு வேலைதான், கேட்டியா. இந்தச் சுத்துவட்டாரத்துல இங்கிலீஷ்ல நாலு பக்கம் எழுதுறதுக்கு வேற யாரு இருக்கா?

— டீச்சரு என்ன சொன்னாக?

— எட்மாஸ்டரு ரூமுக்கு வரச் சொன்னோம். அப்பத்தான் திருச்சுழி பஸ்ஸ விட்டு எறங்கி வந்துச்சு. வேர்வையத் துடைக்கக்கூட விடல நானு, கடுதாசிய நீட்டுனேன். மொதல்ல சத்தமில்லாம வாசிச்சுச்சு. ரெண்டாந்தடவை வாசிக்கயில, கேட்டியா, சிரிச்சுச்சு. நம்ம பொழப்பு கவுந்து கெடக்கு, அந்தம்மா சிரிக்குது. ‘ரெண்டே ரெண்டு பிழைதான் சார் இருக்கு’ன்னு எட்மாஸ்டருகிட்டச் சொல்லுது.

— ரெண்டுதானா?

— அதையா கேக்குற நீ?

— இல்ல, பிள்ளைக எழுதியிருந்தா நெறைய இருக்குமேன்னு கேட்டேன்.

— அதான் நானுஞ் சொல்றேன். பிள்ளைக எழுதல. அந்தம்மாவே எழுதிட்டு, சந்தேகம் வரக்கூடாதுன்னு ரெண்டு பிழைய வேணும்னே போட்டிருக்கு.

— கையெழுத்து அவுகளோடதா?

— அதுலதான் இடிக்குது. அவுக எழுத்து சாஞ்சு சாஞ்சு ஓடும். இது புதுசா எழுதப் பழகுன ஆளு மாதிரி நெட்டுக்குத்தலா, ஒவ்வொண்ணாத் தனித்தனியா நிக்குது. யாரையோ வச்சு எழுதியிருக்கு.

— எழுதுனவுக யாரா இருந்தா என்ன, பொய்யா எழுதியிருக்கு?

— நீ யாரு பக்கம் பேசுற? எல்லாம் நம்ம வீட்டு வீடியோ டெக்காலதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல டி.வி. இல்ல, சனிக்கெழமை சனிக்கெழமை உங்க வீட்டுல பிள்ளைகளுக்குப் படம் போட்டு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன்னு வந்து நின்னப்ப, நம்ம மக பிருந்தாவும் அந்த வகுப்புதானேன்னு தலைய ஆட்டுனேன். படத்துல குருவிப் பாட்டு, மழைப் பாட்டுன்னு வரும்னு நெனச்சேன். நீதான் பின்னால உக்காந்து உளுந்து பொடச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தியே. என்ன படம் அது?

— எனக்கு இங்கிலீஷ் என்ன தெரியும்? ஏதோ ஒரு தேசத்து ஆறு. அதுல மீனு செத்து மெதந்துச்சு. ஆலைத் தண்ணி கலந்து செத்ததுன்னு பிருந்தா சொல்லுச்சு. கரையில பொம்பளைக வரிசையா நின்னு பாடுனாக. டீச்சரு படத்தை அங்கங்க நிறுத்தி, என்ன நடந்துச்சு, யாரு செஞ்சா, நீ அங்க இருந்தா என்ன செய்வன்னு இங்கிலீஷ்லயே கேப்பாக. பிள்ளைக பதில் சொல்லணும்.

— இங்கிலீஷ் தெரியாதுங்கிற. கேட்ட கேள்வி மட்டும் மூணும் தெரியுதா?

— வாரா வாரம் அதே மூணு கேள்விதான். இன்னொரு வாரம் மழையில்லாத நாட்டுல பசியில கெடக்குற சனங்க, அதுக்கும் அதே மூணு. ஆடு மாடுன்னாக்கூடப் பழகிப்போகும்.

— அந்த ஆலைக்காரனுக்குக் கடுதாசி எழுதுங்கன்னு வீட்டுப்பாடம் குடுத்திருக்கு. பிருந்தா நோட்டுலயும் இருக்கு. ஜெர்மனிக்குப் போன கடுதாசியும் அச்சு அசலா அதே வரிசைதான்னு எட்மாஸ்டரு சொல்றாரு.

— அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாச் சொன்னாரா?

— அவரு பாதிய முழுங்கிட்டாரு. அந்தம்மாதான் ஒரு வரி விடாமத் தமிழ்ல சொல்லுச்சு. எங்க கம்மாத் தண்ணி திங்கக்கெழமை செவப்பு, வியாழக்கெழமை நீலம். குடிச்ச ஆடு அஞ்சாறு செத்துப்போச்சு. இருளாண்டின்னு ஒருத்தரு சாயத்தொட்டியில நூலை முக்கி முக்கி ரெண்டு கையும் தோலு உரிஞ்சு, சோத்தைப் பிசைய முடியாமக் கரண்டியில திங்கிறாரு. நீங்க துண்டு வாங்குறதை நிறுத்திராதீங்க, அதுல நாப்பது வீட்டுல ஒல கொதிக்குது. கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணுற தொட்டி ஒண்ணு கட்டச் சொல்லுங்க. அம்புட்டுத்தான் கடுதாசி.

— உங்க பேரு இருந்துச்சா?

— அதுதான் எனக்கு வெளங்கல. எங்கயும் என் பேரு இல்ல. எனக்கு ஆகாதவன் எழுதியிருந்தா மொத வரியிலயே ராஜகுருன்னு போட்டிருப்பான்ல.

— இருளாண்டி கைய நீங்க பாத்தீகளா?

— பாக்காம என்ன, களிம்பு வாங்கிக் குடுத்தேன்ல. பேச்ச மாத்தாத. ஜெர்மனி அட்ரஸு யாருக்குத் தெரியும், சொல்லு. பொட்டியில ஒட்டுற சீட்டு ஒண்ணு ஏஜென்டுகிட்ட, இன்னொண்ணு நம்ம வீட்டுல. படம் போட வந்த எடத்துல ஒரு சீட்டக் கிழிச்சு மடியில வச்சுட்டுப் போயிருக்கும்.

— அவுக இந்த வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்க யோசிப்பாக. சீட்டையா எடுப்பாக? பார்சல் ஆபீஸுல அந்தப் பொட்டிய எத்தனை பேரு தூக்கி எறக்குறான்.

— அவனெல்லாம் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

— சரி, கடைசியில என்ன பண்ணிட்டு வந்தீக?

— மன்னிப்புக் கேட்டு எழுதித் தாங்கன்னு எட்மாஸ்டரு பேப்பரை நகட்டுனாரு. அந்தம்மா தொடல. ‘நான் எழுதல சார். ஆனா எழுதுனது யாருன்னு தெரிஞ்சா, அவுக கையப் பிடிச்சுக்கிட்டு, நான் சொல்லிக்குடுத்தது வீணாப் போகலைன்னு சொல்லுவேன்’னுச்சு. கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் பிள்ளைகளைத் தூண்டிவிடுதுன்னு டி.இ.ஓ. ஆபீஸுக்குப் புகாரு எழுதி எட்மாஸ்டருகிட்டக் குடுத்துட்டேன். நாளைக் காலையில தபால்ல போகும். கமுதிக்கு அங்கிட்டு மாத்திருவாகளாம்.

— அவுக அம்மா படுத்த படுக்கையில கெடக்காக. பொழுது சாயுறதுக்குள்ள திருச்சுழிக்குத் திரும்பியாகணும். கமுதிக்கு அங்கிட்டுப் போட்டா வேலைய விடுறதைத் தவிர வேற வழியில்ல.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— சனிக்கெழமை பிள்ளைக போனபெறகு அர மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பாக. பேசாம மொகத்தையா பாத்துக்கிட்டு இருப்போம்? அது இருக்கட்டும், ஆர்டரு என்ன ஆகுமாம்?

— ஏஜென்டு போன் பண்ணாரு. ஜெர்மனிக்காரன் அடியோட விடலையாம், நிறுத்தித்தான் வச்சிருக்கானாம். தொட்டி கட்டுறோம்னு வெள்ளிக்கெழமைக்குள்ள இங்கிலீஷ்ல கடுதாசி போகணுமாம். ஏஜென்டு டைப் அடிச்சு அனுப்புனா நம்ப மாட்டானாம். ஊர்ல இருந்து கையால எழுதி வரணுமாம். எட்மாஸ்டருகிட்டக் கேட்டேன், அவருக்கு லீவு லெட்டருக்கு மேல ஓடாது போல, நழுவிட்டாரு. அந்தம்மாகிட்டப் போயி இனி எந்த மொகத்தோட நிக்க?

— நெசமாவே கட்டுவீகளா, எழுதிக் குடுக்குறதோட சரியா?

— கட்டித்தான் ஆகணும். அவனே வந்து பாப்பானாம். ஓடைக்கரையில எடம் கெடக்கு, கட்டுறேன். எழுதத்தான் ஆளில்ல.

— கைய அலம்புங்க. நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போயி அந்தப் புகாரைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு வாங்க.

— கிழிச்சுட்டா? அந்தம்மா ஓடிவந்து எனக்கு எழுதித் தந்துருமா?

— அவுகளைக் கேக்கவே வேணாம். கம்மாத் தண்ணியப் பத்தி உங்ககிட்ட மூணு வருசமாத் தமிழ்ல சொன்னேன், காதுல ஏறல. நீங்க போயிட்டு வாரதுக்குள்ள பேனாவுக்கு மை ஊத்தி வைக்கிறேன். சனிக்கெழமைப் பாடத்தக் கேட்டு, பிருந்தா நோட்டப் பாத்துப் பழகி மொதக் கடுதாசிய எழுதுன மாதிரி இதையும் நானே எழுதுறேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.