மருமகள் மேல் வைத்த நூறு

வெள்ளைப் பலகையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. எழுத்து போனாலும் கறை நின்றுவிடும். மருத்துவ ஆராய்ச்சிக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்து நான் கற்றது அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதில் விழுந்தது ஐயா.

புள்ளியியல் டீச்சர் மேல்படிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வார்: "ரத்தப் பரிசோதனை நோய் இருக்குன்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க. அதுக்கு முன்னாடி எவ்வளவு நம்பினீங்க, இப்ப வந்த சாட்சிக்கு எவ்வளவு கனம், ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. சாட்சி வர வர நம்பிக்கையை மாத்திக்கணும்."

கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், "மேடம், என் ஆளு மேல நூத்துக்கு நூறு நம்பிக்கை," என்றான்.

"அப்ப அவ கல்யாணப் பத்திரிகையைக் கொண்டாந்து நீட்டினாலும் உனக்கு உறைக்காதுப்பா. நூறு வெச்சுட்டா எந்தச் சாட்சியும் அசைக்காது."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அசையாமல் நிற்பது நல்லதுதானே. அந்தப் பிள்ளைகள்தான் நாற்பதா அறுபதா என்று அல்லாடுவார்கள்.

மருமகள் எனக்கு விஷம் வைக்கிறாள் என்பதற்கு நான் வைத்தது நூறு.

மகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். சிரித்துப் பேசுகிறவர்களை நான் நம்பினதில்லை. என்னிடம் சிரித்தவர்கள் எல்லாம் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போனார்கள். இவள் கொடுத்த பாலில் ஒரு கசப்பு. கேட்டேன்.

"பிரஷர் மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்திருக்கேன் மாமா. முழுசாக் குடுத்தா துப்பிடறீங்களே."

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது ஒரு சாட்சி. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு வாய் குடித்துக் காட்டினாள். எவ்வளவு நெஞ்சழுத்தம். அது இன்னொன்று. எனக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்தைவிட்டு நகரவில்லை. எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாதா. காய்ச்சல் விட்டது. அக்கம்பக்கத்தார் அவளைத் தங்கம் என்றார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் நானே டீ போட்டேன்.

"என்ன மாமா, அடுப்படிப் பக்கம்லாம் வரீங்க. இன்னிக்கு மழை கொட்டப் போகுது."

அவள் டம்ளரில் எலி மருந்தைக் கலந்தது நான்தான். வேறு யாரையும் இழுக்காதீர்கள். கசந்தால் பாவம் என்று சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டேன். "நல்லாருக்கு மாமா," என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

என் பாலில் அந்த மாத்திரையைத் தவிர ஒன்றுமே இல்லை என்று இப்போது பரிசோதனைத் தாளை நீட்டுகிறீர்கள். இருக்காது ஐயா. தடயமே விடாமல் வைத்திருக்கிறாள் என்றால், எப்பேர்ப்பட்ட கைகாரியாக இருந்திருப்பாள், நீங்களே யோசித்துப் பாருங்கள்.