மருந்து தொடாத கண்கள்

கோலார் தங்கவயலில், எங்கள் சாம்பியன் ரீப்ஸில் வயதானவர்களுக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுவோம். தங்கச் சுரங்கத்தில் இருபது வருடம் பாறை துளைக்கும் மிஷின் பிடித்த கைகள். முழு டம்ளர் கொடுத்தால் பாதி வேட்டியில் கொட்டும். அந்த நடுக்கத்துக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. இதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பெங்களூரில் கண் ஆராய்ச்சி என் வேலை. பார்க்கின்சன் நோய் முற்றுவதற்கு முன்பே விழித்திரையில் அடையாளம் காட்டுமா என்று எட்டு வருடமாகத் தேடுகிறேன். மூன்று கட்டுரைகள் திரும்பி வந்தன. மூன்றுக்கும் ஒரே காரணம்: உங்கள் நோயாளிகள் எல்லோரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், விழித்திரை மாறியது நோயாலா, மருந்தாலா? எரிச்சலில் தூக்கமே போனது. நோய் தெரிந்த அன்றே மருந்து எழுதிவிடுகிறார்கள். மருந்து தொடாத கண்ணுக்கு நான் எங்கே போவேன்?

ஊரில் கண் முகாம் போட்டேன். சம்பங்கி வந்தார். பழைய சுரங்கத் தொழிலாளி, அறுபத்தெட்டு வயது. வலது கை மட்டும் நடுங்கியது, அதுவும் மடியில் சும்மா கிடக்கும்போது. நடக்கையில் அந்தக் கை வீசவில்லை. மிஷின் நடுக்கம் அப்படி இருக்காது. தெரிந்த நரம்பு டாக்டரிடம் பெயர் சொல்லாமல் வீடியோவைக் காட்டினேன். பார்க்கின்சன்தான் என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பங்கியின் கண்ணைப் படம் எடுத்தேன். இரண்டாம் வருடம் அவர் மனைவி பாப்பம்மா கேட்டார்.

"இன்னா தம்பி, சட்டைக்குப் பட்டன்கூட போட முடியல அவரால. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டுமா?"

"மிஷின் புடிச்ச கைம்மா அது. எங்க அப்பாவுக்கும் இப்டித்தான் இருந்துச்சு. வீணா அலையாதீங்க."

என் அப்பா சுரங்க ஆபீசில் டைப் அடித்தவர். அது பாப்பம்மாவுக்குத் தெரியாது.

மூன்றாம் வருடம் சம்பங்கிக்கு விழுங்குவது சிரமமானது. கஞ்சியாகக் கொடுங்கள் என்றேன், அக்கறையோடுதான் சொன்னேன். போன ஜூலையில் சோறு புரையேறி இறந்துபோனார். மாத்திரை ஆரம்பித்திருந்தால் இன்னும் சில வருடம் தன் கையாலேயே சாப்பிட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். பாப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறக்காமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததற்கு நன்றி சொன்னார்.

ஏழு படங்களிலும் விழித்திரை சீராக மெலிந்துகொண்டே வருகிறது. அத்தனை சுத்தமான வரிசையை நான் பார்த்ததில்லை. கட்டுரையாக எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அதையும் திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் அதே முகாமில் இன்னும் ஆறு பேரைச் சேர்த்துவைத்திருந்தேன்.

அவர்கள் யார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. மார்ச் வரை மட்டும் பொறுங்கள். கடைசிப் படம் எடுக்க வேண்டியிருக்கிறது.