கவனக்குறைவு என்னும் அவதூறு

சார்ஜென்ட் ஹோஹேபா இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்கிறார். எவ்வளவு நேரம் முக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஏற்கெனவே கோப்பைக்குள் கரைந்துவிட்டன. நல்ல மனிதர். என் வாக்குமூலத்தை ஒற்றை விரலால் தட்டச்சு செய்யத் தொடங்கினார். என் பெயரை அடித்து முடிப்பதற்குள் எனக்கே பாவமாகிவிட்டது. தாளைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். எனவே இதில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து, என் சொற்கள்.

என் பெயர் டெஸ்மண்ட் குவில்லியம். வயது ஐம்பத்து மூன்று. பிறந்து வளர்ந்தது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில். ஆறு வருடமாக நியூசிலாந்தின் மேற்குக் கரையில், டூயி ஓடை என்ற ஊரில், மனைவி ரேவினோடு இருக்கிறேன். அவள் இந்த ஊர்க்காரி. பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியவன் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது உண்மையல்ல. நான் கடல் தாண்டியது போஸத்துக்காக.

போஸம் என்பது பூனை அளவில், புசுபுசுவென்ற வாலோடு மரத்தில் வாழும் பிராணி. விக்டோரியாவில் அது உங்கள் கூரைக்குள் குடியேறி, குடும்பம் நடத்தி, உங்கள் தலைக்கு நேர் மேலே மூத்திரம் பெய்தாலும் நீங்கள் கை வைக்கக் கூடாது. சட்டம் அதன் கட்சி. நான் கை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே கைபேசியை நீட்டிப் படம் எடுத்தாள். அபராதத்தோடு விட்டிருந்தால் போயிருக்கும். துப்பாக்கி உரிமத்தையும் பிடுங்கிவிட்டார்கள். மலையில் கடமான் கூட்டம் கூட்டமாகத் திரிந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் சமையல் போட்டி பார்த்தேன்.

அதே போஸம் மூன்று மணி நேர விமானப் பயணத்துக்கு இந்தப் பக்கம் தேசத் துரோகி. அந்தக் காலத்தில் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகிக் காட்டையும் பறவைக் குஞ்சுகளையும் தின்று தீர்க்கிறது. இங்கே அதைக் கொல்வது கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட நிதி திரட்ட போஸம் வேட்டைப் போட்டிதான் வைத்தார்கள். ரோமத்தை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. கரும்பு தின்னக் கூலி.

மானுக்கும் அப்படித்தான். பொதுக் காட்டில் சுட வருடம் முழுக்க அனுமதி, இத்தனைதான் என்ற கணக்கில்லை. ஆனால் துப்பாக்கி உரிமம் வேண்டும். அதற்கு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். உங்களை விசாரிப்பார், மனைவியைத் தனியாக விசாரிப்பார், உறவில்லாத ஒருவரிடமும் உங்கள் குணத்தைக் கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்தது பருத்த, சிரித்த முகமுள்ள ஓர் அம்மாள்.

"ஆஸ்திரேலியாவுல ஏன் லைசென்ஸைப் பிடுங்குனாங்க?"

"போஸத்தைக் கொன்னதுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மனுஷன் யாரையும் இல்லையே?"

"இல்லைங்க."

"போஸத்துக்குப் போயா? இங்க அதுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்கய்யா."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எத்தனை போஸம் என்று அவர் கேட்கவில்லை. நாற்பத்தொன்று. எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஐந்து வருடத்துக்கு உரிமம் வந்தது.

உறவில்லாத ஒருவன் என்று நான் கொடுத்த பெயர் எதிர்வீட்டு லின்ட்சி மக்காலிஃபுடையது. டிராக்டர் பழுது பார்ப்பவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் வந்த அன்றே ஒரு கூடை முட்டையோடு வந்து நின்றான்.

"போஸமும் நீயும் ஒரே ஊர்க்காரங்க. ரெண்டு பேரையும் திருப்பி அனுப்ப வழி தெரியாம முழிக்கிறோம்" என்றான்.

எனக்கு அவனைப் பிடித்தது. இதை சார்ஜென்ட் நம்ப மறுக்கிறார், ஆனால் உண்மை. வேட்டைக் காட்டை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான். மார்ச் கடைசியில் ஆண் செம்மான்கள் பிணை தேடி முக்காரமிடத் தொடங்கும். அப்போது வேட்டைக்காரர்களும் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து அதே மாதிரி முக்காரமிடுவார்கள். போட்டிக்கு வந்தவன் யார் என்று பார்க்கக் ஆண்மான் ஆத்திரத்தோடு வெளியே வரும். வம்புக்கு இழுத்துச் சுடுகிற வேலை. லின்ட்சிக்குக் குழாயே வேண்டாம், கையைக் குவித்து வாயில் வைத்தால் போதும். அவன் முக்காரமிட்டால் மான் மட்டுமல்ல, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வேட்டைக்காரர்களும் வந்து நிற்பார்கள். அதனால் அவனிடம் ஒரு விதி இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். எவனும் ஓடையைத் தாண்டக் கூடாது.

போன வருடம் மார்ச்சில் ஒரு பிணைமானைச் சுட்டேன். வயிற்றில். குறி தப்பவில்லை, நான் வைத்த இடத்தில்தான் பட்டது. வயிற்றில் பட்ட மான் எவ்வளவு தூரம் போகும், எந்தெந்த இடத்தில் நிற்கும், எப்போது திரும்பிப் பார்க்கும் என்பதைக் கவனிப்பது என் வழக்கம். அவசரமில்லாமல் பின்னால் நடப்பேன். அன்று அதன் குட்டியும் கூடவே வந்தது, அது கூடுதல் விசேஷம். நாற்பது நிமிடம் இருக்கும். பிறகு எனக்குப் பின்னாலிருந்து ஒரு வெடி. பிணை விழுந்தது. லின்ட்சி என்னைத் தாண்டிப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அரை மணி நேரமா உன் பின்னாடிதான் வர்றேன், டெஸ். இப்ப சுடுவே, இப்ப சுடுவேன்னு பார்த்தேன். துப்பாக்கியைத் தோள்ல போட்டுக்கிட்டு உலாத்துறியே."

"கிட்டப் போய்ச் சுடலாம்னு இருந்தேன்."

"பத்தடி கிட்டதான் நடந்தே."

இரண்டு நாள் கழித்து அவன் பட்டறைக்குக் கூப்பிட்டான். மே மாதம் என் உரிமம் முடிகிறது, அதிகாரி மறுபடி வருவார், மறுபடி அவனைத்தான் கேட்பார். கை எண்ணெயைத் துணியில் துடைத்தபடி சொன்னான்.

"கேட்டா, பார்த்ததைச் சொல்லிருவேன் டெஸ். ஒளிச்சுப் பேச எனக்கு வராது. அதுக்குள்ள நீயா மாறிட்டேன்னா அதையும் சொல்றேன். மான் முக்காரமிடுற சீசனுக்குக் கூட வா. ஒரே குண்டுல ஒழுங்கா எப்படி முடிக்கிறதுன்னு காட்டறேன்."

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கோபம் ஆறிவிடும். அவன் கண் கலங்கி நின்றான். வருத்தப்படுகிறவனை ஒன்றும் செய்ய முடியாது, எதற்கும் மசிய மாட்டான்.

வேறு வழி யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. உலகப் படத்தை விரித்து வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். கனடாவில் வெளிநாட்டுக்காரன் பெரிய மிருகம் சுட வேண்டுமானால் வழிகாட்டி ஒருவன் கூடவே வருவானாம். அதாவது இன்னொரு லின்ட்சி, அதுவும் சம்பளத்துக்கு. நார்வேயில் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு நான் மொழி படிக்க வேண்டும். ஆப்பிரிக்கா ரேவினுக்கு ஒத்துக்கொள்ளாது, அவளுக்கு வெயில் பட்டாலே தடித்துவிடும். ஏற்கெனவே ஒரு நாட்டை மாற்றியாயிற்று. ஒரே ஒருவனுக்காக இன்னொன்றையும் மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. நான் அப்போது போலீசில் சொன்னது இது: ஓடையின் வளைவில் திசை தப்பிவிட்டேன். முக்காரம் கேட்டது. பெரணிப் புதருக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ அசைந்தது. மான் என்று நினைத்தேன்.

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. இந்த நாட்டில் இது நடக்கிறதுதான். ஒருவன் மானாக நடிக்கிறான், இன்னொருவன் நம்பிவிடுகிறான். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சுச் சட்டை லின்ட்சியின் பைக்குள் மடித்து இருந்தது. அதைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பானே என்று அவன் மேலேயே பாதிப் பழியைப் போட்டார்கள். ஊர்ப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு அடுப்பில் வைத்துச் சூடாக்கும் ஆட்டுக்கறித் தட்டுகளாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ரேவின் அழுதாள். பாதிரியார் வந்து யானைக்கும் அடி சறுக்கும் என்கிற பொருளில் ஏதோ சொன்னார். துப்பாக்கியைக் கவனக்குறைவாகப் பயன்படுத்தி மரணம் விளைவித்தது என்று வழக்கு. எட்டு மாதம் வீட்டுக்காவல், சமூக சேவை. போஸத்துக்காக விக்டோரியாவில் எனக்கு நேர்ந்த அவமானத்தோடு ஒப்பிட்டால் இது உபசாரம்.

ஒரே ஒரு இடத்தில் என் கணக்கு உதைத்தது. உரிமத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். எதைக் காப்பாற்றப் போனேனோ அதையே தொலைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது பிறகு வந்தது. இங்கே குற்றம் செய்தவனையும் பறிகொடுத்தவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச வைப்பார்கள். லின்ட்சியின் மனைவி ஜாய்லீன் தன் கையால் செய்த கேக்கோடு வந்தாள். அதைத் துண்டு போட்டு முதலில் எனக்குக் கொடுத்தாள்.

"உன் மேல எனக்கு வெறுப்பு இல்ல டெஸ். நீ பார்க்கல, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பார்த்திருந்தா இந்நேரம் அவர் இருந்திருப்பார்."

"ஆமாம்" என்றேன். கேக்கைத் தட்டிலேயே வைத்தேன். பார்க்கவில்லையாம்.

அடுத்து, சமூக சேவையின் பகுதியாக வேட்டைச் சங்கங்களில் பேச அனுப்பினார்கள். ஒவ்வொரு ஊரிலும் எழுந்து நின்று, நான் குறியை உறுதி செய்யவில்லை, என்னைப்போல் இருக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பதினோரு சங்கம். நான்காவது ஊரில் நெவில் ஸ்டோக் என்பவன், நூறு கெஜத்தில் தண்ணீர்த் தொட்டியைத் தவறவிடுகிறவன், பின்வரிசையிலிருந்து கேட்டான்.

"மான் எது, மனுஷன் எதுன்னே தெரியாத ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட நாங்க என்னத்தப்பா கத்துக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வருடமாகத் துப்பாக்கி பிடிக்கிறேன். நான் நினைத்த இடத்தைத் தவிர வேறெங்கும் என் குண்டு பட்டதில்லை.

ரேவின் வேறு. "விடு டெஸ். கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனாள். குறை ஒன்றுமில்லை, இளைஞனின் பார்வை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

போன வாரம் சுவரொட்டி வந்தது. பெட்ரோல் நிலையத்தில், மளிகைக் கடையில், சங்கக் கதவில், எல்லா இடத்திலும் என் முகம். கீழே கொட்டை எழுத்தில்: இவர் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நான்காம் நாள் காலையில் சவரம் செய்துகொண்டு, சார்ஜென்டைத் தேடி வந்தேன்.

நடந்தது இதுதான். நான் ஓடையைத் தெரிந்தேதான் தாண்டினேன். மேட்டில் நின்று குழாயில் முக்காரமிட்டேன். லின்ட்சி மானைப்போல் பதில் கொடுக்கவில்லை. சிரித்தான்.

"டெஸ், நீ கத்துறது வயித்துவலி வந்த பசு மாதிரி இருக்கு. ஓடையைத் தாண்டாதேன்னு சொன்னேன்ல? சரி வா, டீ சூடா இருக்கு."

எழுந்து நின்று கோப்பையை உயர்த்திக் காட்டினான். ஏறி வந்த புழுக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தான். பின்னால் அதை மடித்துப் பையில் வைத்தது நான். எங்களுக்கிடையே முப்பத்தைந்து கெஜம். தொலைநோக்கியில் அவன் முகத்தை முழுதாகப் பார்த்தேன். மோவாயில் சவரக் கத்தி பட்ட கீறல் இருந்தது. இடது புருவத்தில் ஒரு நரைமுடி. அது லின்ட்சிதான் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தேன். மண்மேடுதான் இருந்தது. துளைத்துப் போனாலும் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்தேன், ஏனென்றால் சிரிக்கும்போது தோள் ஆடும்.

ஒரே குண்டு. இதயம். ஓரடிகூட நடக்கவில்லை. அவன் எனக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்த மாதிரியே செய்தேன். நண்பனுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

சார்ஜென்ட் பிஸ்கட்டை வைத்துவிட்டார். நான் எழுதி முடித்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறார். வழக்கறிஞர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். எனக்கு ஒன்றுதான் வேண்டும். தீர்ப்பில் 'கவனக்குறைவாக' என்றிருக்கிற சொல்லை அடித்துவிட்டு எனக்கு ஒரு பிரதி கொடுங்கள். பதினோரு சங்கங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள், நெவில் ஸ்டோக்குக்குத் தனியாக.