அனுவின் நாட்கள்

நான் பேசும் தமிழ், கேட்டதற்குப் பதில் சொல்லும் அந்தப் பெட்டிக்குப் புரியாது, டாக்டர். "இன்னிக்கு மய வருமா?" என்று கேட்டால் மன்னிப்புக் கேட்கும். டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி "இன்று மழை வருமா?" என்றால்தான் பதில் வரும். இந்த வயதில் அதையும் பழகிக்கொண்டேன்.

என் மனைவி போன பிறகு, நைனா தனியாகக் கிடக்கிறாரே என்று மகள் அனுப்ரியாதான் அதை வாங்கி வந்து உத்திரமேரூர் வீட்டில் வைத்தாள். எனக்கு மெயிலெல்லாம் ஏது? தன்னுடையதையே போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஒருநாள் காலையில் "இன்று என்ன இருக்கிறது?" என்று சும்மா கேட்டேன். அமாவாசையா, முகூர்த்தமா என்று சொல்லும் என்று நினைத்தேன். அது அந்த மெயிலில் குறித்திருந்த அனுவின் நாளைப் படித்தது. ஆபீஸ் மீட்டிங், பல் டாக்டர், சாயங்காலம் தினகரனோடு காபி. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெற்ற பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு நாஷ்டா சாப்பிடுவதில் என்ன தப்பு?

பிறகு ஒருநாள், நாளைக்குக் கனடா வேலைக்கு நேர்காணல் என்றது. கனடா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. களத்துமேட்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து, "நேர்காணலை நீக்கு" என்றேன். "நீக்கிவிடவா?" என்று மரியாதையாகக் கேட்டது. "ஆம்" என்றேன். எங்கள் பக்கம் 'ஆமா'தான். அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் சொன்னேன்.

அனு போனில் தேம்பினாள். "இன்டர்வியூ ஒண்ணு போச்சி நைனா. நானே குறிச்சி வெச்சேன். இப்ப பாத்தா காணோம். எனக்கு இன்னாவோ ஆயிட்சி."

"வேல பேஜாருமா. மறந்திருப்ப, வுடு" என்றேன்.

அவள் எந்த நாளையும் மனசில் வைத்துக்கொள்ளமாட்டாள், எல்லாம் போனில் குறிப்பதுதான். அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஆபீஸ் மீட்டிங்குகளை அவ்வப்போது தள்ளி வைத்தேன். தினகரன் வீட்டார் கல்யாணப் பேச்சுக்காக அவளைத் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்ன நாளையும் ஒருநாள் தள்ளினேன். இலை போட்டுக் காத்திருந்தார்களாம். நல்ல பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நாளில் வேலையும் போயிற்று. அனு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் என் பழைய அனு இல்லை. கேஸை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறாள். முந்தாநாள் தட்டைக் கழுவி வைத்த கையோடு, "நான் சாப்ட்டனா நைனா?" என்று கேட்டாள். "சாப்ட்டம்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவள் மறதிக்கான மாத்திரையைக் கூட்டப் போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்தேன். கூட்டாதீர்கள், டாக்டர். அவளுக்கு மறதி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாம் நான் செய்தது.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள். என்னைவிட்டால் அவளுக்கு இப்போது யார் இருக்கிறார்கள்? அடுத்து எப்போது கூட்டிவர வேண்டும் என்பதை என்னிடமே சொல்லுங்கள். அவள் நாட்களையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.