பூசிய தரைக்குக் கீழே

மாலை ஆறே முக்கால் இருக்கும். பாதி இருட்டு. அகழாய்வுக் குழியிலிருந்து முகாமுக்கு ஒரே ஒரு மண்பாதை... அதில் ஒருத்தி தனியாக வருகிறாள். கையில் துணி சுற்றிய பானை.

அவள் என் சிநேகிதியின் அண்ணி. பேய்க் கதையெல்லாம் சிநேகிதியின் அண்ணிக்குத்தான் நடக்குமா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அண்ணிக்கு வேலையே மண்ணைக் கிளறுவதுதான். கற்காலத்தின் கடைசியில் மக்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள், அடுப்பு எங்கே, அரைக்கும் கல் எங்கே, யார் எந்த மூலையில் படுத்தார்கள் என்கிற ஆராய்ச்சி. அவள் தோண்டின வீட்டில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை செத்தால் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். பானையில் வைத்து அடுப்புக்குப் பக்கத்திலேயே புதைப்பார்கள். மேலே களிமண் பூசி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வாழ்வார்கள்.

அண்ணி கொண்டுவந்தது அப்படி ஒரு பானை.

அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்கே குழந்தை செத்துப் பிறந்திருந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. பார்த்தால் மனசு தாங்காது என்று மாமியார் சொல்ல, புருஷன் தலையாட்ட, ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே புதைத்தார்கள்? கேட்டால், அதையே நினைத்துக்கொண்டிருக்காதே என்பார்கள். பெரிய ஆறுதல்தான்.

பாதை வளைகிற இடத்தில் பின்னால் ஒரு சத்தம். கரக்... கரக்... கல்லில் தானியம் அரைபடுகிற சத்தம். ஈரக் களிமண் வாடை, அணைந்த அடுப்பின் சாம்பல் வாடை. அண்ணி திரும்பவில்லை. பானையைச் சுற்றிய துணியை யாரோ பிடித்து இழுத்தார்கள்... மெதுவாக, தூங்குகிற பிள்ளையை வாங்குகிற மாதிரி.

அண்ணி பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உனக்காவது உன் பிள்ளைய எங்க வச்சோம்னு தெரியும்," என்றாள். "எனக்கு அதுகூடத் தெரியாது."

இழுத்த கை விட்டுவிட்டது. சத்தமும் நின்றது.

பானையைத் திருப்பி வைத்தாளா? எங்கே! மறுநாளே அது எண் போட்ட பெட்டிக்குள் போய்க் கிடங்கில் உட்கார்ந்தது. வேலை போய்விடுமே.

அடுத்த வருஷம் அதே வீட்டின் மீதிப் பாதியைத் தோண்டினார்கள். களிமண் தரை, பூச்சு மேல் பூச்சு. இடையில் யாராவது தோண்டி மூடியிருந்தால் அந்த இடத்தில் மண்ணின் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மாறவில்லை. அகழாய்வு இயக்குநரே முட்டி போட்டுப் பார்த்தார், படமும் எடுத்தார். பூசின நாளிலிருந்து ஒருவர் கையும் படாத தரை என்று அவர் வாயாலேயே சொன்னார்.

தரையைப் பெயர்த்தார்கள். கீழே சின்னப் பானை. அதன் களிமண் இன்னும் ஈரம்... உள்ளே பிஞ்சு எலும்புகள். அவற்றின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கட்டுவது. அதில் தாயின் பெயர் எழுதியிருந்தது. அண்ணியின் பெயர்.

இயக்குநர் பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வீட்டுத் துக்கத்தையெல்லாம் இங்க கொண்டாந்து புதைக்காதம்மா," என்றார். தரையைப் பார்த்துச் சொன்ன அதே வாய். அன்றோடு வேலை போயிற்று.

என் பிள்ளையைக் கொடுங்கள் என்று அண்ணி கேட்டாள். குழியில் கிடைத்ததெல்லாம் அரசாங்கச் சொத்தாம். எண் போட்டு, பழைய பானைக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார்கள். அடுத்தவள் பிள்ளையை எடுத்தவளுக்குத் தன் பிள்ளையும் இல்லாமல் போயிற்று, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிடங்குக் காவலர் புலம்புகிறாராம். பூட்டு பூட்டினபடி இருக்கிறது, சாவி இடுப்பில் இருக்கிறது. ஆனால் காலையில் திறந்தால் அந்த இரண்டு பெட்டிக்கும் முன்னால் தரையில் புதுசாகக் களிமண் பூசியிருக்கிறதாம்... இரண்டு பேர் பூசின மாதிரி, இரண்டு அளவில் கைத்தடம்.

போன வாரம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணிதான் டீ கொடுத்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. டம்ளரை வாங்கும்போது அவள் விரலைப் பார்த்தேன்.

அவள் கடைசியாகக் குழியில் இறங்கி ஒரு வருஷம் ஆயிற்று... நகக்கண்ணெல்லாம் ஈரக் களிமண்.